கறையை அழிக்காதீங்க: எண்ணூர்க் கழிமுகத்தில் பறவைப் படம் எடுத்துக் கற்றது

உழவர் பத்திரிகையில் கேமராவுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். போன கூட்டத்தில் இரண்டு மூன்று நண்பர்கள் பிடித்துக்கொண்டார்கள். "வயலுக்கு வர்ற பறவைய எடுக்கிறோம், சரியா வர மாட்டேங்குது. நீங்கதான் பறவைப் படம் எடுக்கிறீங்களே, எப்படி எடுக்கிறது, எப்படி எடிட் பண்றதுன்னு எழுதுங்க" என்றார்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் எப்படி எடிட் செய்வது என்பதைவிட, எதை எடிட் செய்யக்கூடாது என்பதைத்தான் நான் கஷ்டப்பட்டுக் கற்றிருக்கிறேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு மீஞ்சூர் பக்கம் இரண்டு ஏக்கர். நெல்லும் கொஞ்சம் காய்கறியும். கிணற்றுத் தண்ணீரில் கடல் உப்பு ஏறிப்போன பகுதி என்று எங்கள் வட்டாரத்தைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். மீஞ்சூரில் ரயில் ஏறினால் நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர், அடுத்து எண்ணூர். புதுநகருக்கும் எண்ணூருக்கும் நடுவில் ரயில் கொசஸ்தலை ஆற்றின் மேல் போகும். ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், கீழே சேறு, சேற்றில் நூற்றுக்கணக்கில் பறவைகள். அந்த ஜன்னலில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். வீட்டில் கிடைத்த பேச்சு தனிக் கதை.

கூழைக்கடா, பூநாரை, மஞ்சள் மூக்கு நாரை, நெடுங்கால் உள்ளான், ஆலா என்று அங்கே இல்லாத நீர்ப்பறவை குறைவு. இவ்வளவு புகைக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஏன் வருகின்றன என்றால், ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் மீனும் இறாலும் புழுவும் இன்னும் மிச்சம் இருக்கின்றன. அவற்றை நம்பித்தான் பறவையும் வருகிறது, மீனவரும் வலை வீசுகிறார். இரண்டு பேருக்கும் சோறு ஒரே சேற்றில்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியில் இருந்து எண்ணெயும் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது. படகும் வலையும் கறுத்துப்போயின. அலையாத்தி மரங்களில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் பட்டை அடித்தது போல ஆயிற்று. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. எண்ணெய் பட்ட பறவைகளைப் பிடித்துக் காப்பாற்ற வனத்துறை ஆட்களை அனுப்பியது. எண்ணூருக்கு இது முதல் முறையும் அல்ல. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கசிந்த எண்ணெயை இளைஞர்கள் பக்கெட்டில் அள்ளியது பலருக்கு நினைவிருக்கும்.

அந்த டிசம்பர் மூன்றாவது வாரத்தில் நான் போனேன். காட்டுக்குப்பத்து அண்ணன் ஒருவர் தன் படகில் ஏற்றிக்கொண்டார். அவருக்குத் தொழில் இல்லை, படகு சும்மா கிடந்தது. ஓர் ஓடையின் வளைவில் கூழைக்கடா ஒன்று சேற்றில் உட்கார்ந்திருந்தது. கழுத்தும் முதுகும் வழக்கம்போல வெளுத்த சாம்பல் நிறம். வயிற்றுக்குக் கீழே தார் டப்பாவில் முக்கி எடுத்தது போல ஒரே கோடாகக் கறுப்பு. விடாமல் அலகால் இறகைக் கோதிக்கொண்டே இருந்தது. பின்னால் அந்தக் கறுப்புப் பட்டை அடித்த அலையாத்தி, அதற்கும் பின்னால் புகைபோக்கி. முப்பது படம் எடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டேன். அப்போதுதான் எடிட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன், கை துறுதுறுவென்று இருந்தது. புகைபோக்கி அசிங்கமாகத் தெரிந்தது, வெட்டினேன். அலையாத்தியில் பாதி போயிற்று. மிச்சப் பாதி கண்ணை உறுத்தியது, அதையும் மங்கலாக்கினேன். காற்றில் இருந்த மூட்டத்தை ஒரு பட்டனில் எடுத்தேன். கடைசியில் ஹீலிங் பிரஷ்ஷை எடுத்து வயிற்றுக் கறையைத் தடவத் தடவ அது போய்க்கொண்டே இருந்தது. பக்கத்து இறகை எடுத்து மென்பொருளே ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு சுத்தம். அரை மணி நேரத்தில் பஞ்சு போல ஒரு கூழைக்கடா. நண்பர்கள் எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். மெமரி கார்டில் இடம் இல்லை என்று மூலப் படங்களை அழித்துவிட்டேன். அடுத்த வருடம் மரபுச் சந்தை ஒன்றுக்காக நண்பர் அடித்த காலண்டரில் அந்தப் படம் ஏறியது. ஒரு பிரதியை அண்ணனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னா தம்பி, இது எந்த ஊரு பறவை?"

"நம்ம ஊருதாண்ணே. அன்னைக்கு உங்க படகுல போனப்ப எடுத்தது."

"நம்மூரு பறவை அன்னைக்கு இம்மாம் சுத்தமாவா இருந்துச்சு?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. பிறகு விஷயத்துக்கு வந்தார். எண்ணெய் எந்த ஓடை வரைக்கும் ஏறியது என்று தேதியோடு காட்டும் படம் இருந்தால் மனுவோடு வைக்கலாம் என்று ஊரில் பேசிக்கொண்டிருந்தார்கள். "அந்தப் படத்துல பறவைக்குப் பின்னால மரம் தெரிஞ்சுதே, கறுப்பா கோடு போட்டு. அந்த மரம் எங்க இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியும். அத்தக் குடு தம்பி." என்னிடம் இருந்தது காலண்டர் மட்டும்தான்.

இதற்கு மேல் என் கதையைச் சொல்ல வேண்டாம். அதற்குப் பிறகு நான் வேலை செய்யும் முறையைச் சொல்கிறேன்.

விதைநெல்லும் சோறும்

கேமரா இரண்டு விதமாகப் படத்தைச் சேமிக்கும். ஒன்று ஜேபெக். இது கேமராவே நிறம், கூர்மை எல்லாம் தன் இஷ்டத்துக்குச் சேர்த்து, சுருக்கி, சமைத்துக் கொடுப்பது. இன்னொன்று ரா ஃபைல். சென்சாரில் விழுந்த ஒளி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 12 பிட் ரா ஃபைலில் 4096, 14 பிட்டில் 16384. வெள்ளை இறகில் இருக்கும் மெல்லிய பழுப்புக் கறையும் நிழலும் இந்தப் படிகளுக்கு நடுவில்தான் ஒளிந்திருக்கும். நம் மொழியில் சொன்னால் ரா விதைநெல், ஜேபெக் சோறு. சோறு உடனே சாப்பிடலாம், ஆனால் விதைக்க முடியாது. விதைநெல்லைத் தின்றவன் நான். அதனால்தான் சொல்கிறேன்: ரா ஃபைலில் எடுங்கள், எடுத்ததை அழிக்காதீர்கள், இரண்டு இடத்தில் நகல் வையுங்கள்.

பறவைக்காரர்கள் பலர் வைத்திருக்கும் நிக்கான் பி900 கேமராவில் 83 மடங்கு ஜூம் உண்டு, ரா கிடையாது. அதை வைத்திருப்பவர்கள் வருத்தப்பட வேண்டாம். ஜேபெக்கின் தரத்தை உச்சத்தில் வைத்துக்கொண்டு, மூலத்தைத் தொடாமல் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ஃபோனிலும் பல மாடல்களில் ப்ரோ என்ற பிரிவுக்குள் போனால் ரா எடுக்கலாம்.

எடுக்கும்போது

கேமராவுக்கு வெள்ளைப் பறவை எது, கறுத்த சேறு எது என்று தெரியாது. கண்ணில் படுவதையெல்லாம் கூட்டிக் கழித்து நடுத்தரமான சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். எண்ணூர்ச் சேறு கறுப்பு. அதில் சின்னதாக ஒரு கொக்கு நின்றால், கேமரா 'இருட்டாக இருக்கிறதே' என்று வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கு சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துவிடும். இறகின் கோடுகள் போய்விடும், லேசான கறையும் போய்விடும். இப்படி எரிந்துபோன வெள்ளையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அதனால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1-இல் வையுங்கள். வெளுத்த வானத்தில் பறக்கும் பறவைக்கு நேர்மாறு, பிளஸ் 1 தேவைப்படும், இல்லையென்றால் செம்பருந்துகூடக் கரும்பருந்தாக வரும். காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்கு மேலே சுற்றும் பருந்துகளை எடுத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் ஒரே காலையில் விளங்கிவிடும்.

பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1600 அல்லது அதற்கு மேல். உட்கார்ந்திருப்பதற்கு 1/500 போதும், படகு ஆடும் என்பதால் நான் 1/1000-க்குக் கீழே போவதில்லை. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். நீர் வற்றியிருக்கும் காலை நேரம்தான் நல்லது, சேறு வெளியே தெரியும், உள்ளான்கள் இரை தேட வரும். எந்த நேரத்தில் வற்றும் என்று செயலியைவிட மீனவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

எண்ணெய் பட்ட பறவையை எக்காரணம் கொண்டும் கிளப்பாதீர்கள். இறகின் இழைகள் ஒன்றோடொன்று சிறு கொக்கிகளால் ஜிப் போலக் கோத்திருக்கும். அந்தக் கோப்புதான் தண்ணீரை உள்ளே விடாது, உடம்புச் சூட்டை வெளியே விடாது. எண்ணெய் பட்டால் இழைகள் ஒட்டித் திரிதிரியாகிவிடும். தண்ணீர் தோல்வரை போகும், பறவை குளிரில் நடுங்கும், மிதக்கக் கஷ்டப்படும். கோதிக் கோதி எண்ணெயை விழுங்கும், அது வயிற்றுக்குள் போய்க் கெடுக்கும். அந்த நிலையில் இருக்கும் பறவையை நல்ல படத்துக்காக ஒரு தடவை பறக்கவிடுவது, அதன் உயிரில் இருந்து கடன் வாங்குவது. தூரத்தில் இருந்து எடுங்கள், படம் சின்னதாக வந்தால் வரட்டும்.

இன்னொன்று. இப்போதெல்லாம் நான் ஒரே பறவையை மூன்று விதமாக எடுக்கிறேன். பறவை மட்டும் நெருக்கமாக, பறவையும் அது இருக்கும் இடமும், கடைசியாக அந்த இடத்தை அடையாளம் காட்டும் பாலமோ கோபுரமோ மரமோ தெரியும்படி அகலமாக. மூன்றாவது படம் அழகாக இருக்காது. அண்ணன் கேட்டது அதைத்தான். துறைமுக மதிலுக்கும் மின்நிலைய வளாகத்துக்கும் உள்ளே கேமராவை நீட்டினால் காவலர்கள் வருவார்கள், அது வேறு வம்பு. பொது இடத்தில் நின்று எடுங்கள்.

எடிட்டிங் மேசையில்

டார்க்டேபிள், ராதெரபி, கிம்ப் மூன்றும் இலவச மென்பொருள்கள். ஃபோனுக்கு ஸ்னாப்சீட் போதும். காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

முதல் வேலை, வைட் பேலன்ஸ். மாலை வெயிலில் எடுத்த வெள்ளைக் கொக்கு மஞ்சளாக இருக்கும். அதைக் கண்டபடி திருத்தினால் நீலமாகிவிடும், திருத்தாமல் விட்டால் எண்ணெய்க் கறை என்று யாராவது சொல்லிவிடுவார்கள். நான் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பையில் வைத்திருக்கிறேன். அந்த வெயிலில் அதை ஒரு படம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து மென்பொருளில் அந்தக் காகிதத்தைத் தொட்டு 'இதுதான் வெள்ளை' என்று காட்டிவிட்டு, அதே அளவை எல்லாப் படங்களுக்கும் போடுகிறேன். பளபளப்பான சாயக் காகிதம் வேண்டாம். அது தன் நிறத்தைச் சேர்க்கும்.

அடுத்து எக்ஸ்போஷர், நிழல், வெளிச்சம். இவற்றை மொத்தப் படத்துக்கும் ஒரே அளவில் கூட்டிக் குறைக்கலாம், தப்பில்லை. ஹிஸ்டோகிராம் என்று ஒரு மலைவடிவம் காட்டும். வலது ஓரச் சுவரில் மலை போய் முட்டினால் வெள்ளை எரிந்துவிட்டது என்று பொருள். கோணலாக இருக்கும் தண்ணீர் மட்டத்தை நிமிர்த்தலாம். வெட்டுவதும் தப்பில்லை, வெட்டாத படம் பத்திரமாக இருக்கும்வரை.

இனி கண்ணிகள். மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் பட்டன் மலைப்பிரதேசத்தில் எடுத்த படத்துக்கு வரம். எண்ணூரில் அந்த மூட்டம் பனியா, ஆலைப் புகையா, பறக்கும் சாம்பலா? சாம்பல் என்றால் நீங்கள் அழிப்பது காட்சியின் அழுக்கை அல்ல, செய்தியை. நான் இப்போது அந்தப் பட்டனையே எண்ணூர்ப் படங்களுக்குத் தொடுவதில்லை.

ஹீலிங் பிரஷ் சென்சாரில் ஒட்டிய தூசியை எடுக்க வந்தது. தூசிக்கும் கறைக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிய வேண்டும். வழி சுலபம். அடுத்தடுத்த நாலு படங்களைப் புரட்டுங்கள். பறவை எங்கே நகர்ந்தாலும் புள்ளி படத்தின் அதே மூலையில் நின்றால் அது தூசி. பறவையோடு கூடவே நகர்ந்தால் அது பறவையின் மேல் இருப்பது, கையை எடுங்கள்.

புதிதாக வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுக் கூர்மைப்படுத்திகள் இதைவிட ஆபத்து. பொரிப்பொரியாக இருக்கும் படத்தைக் கொடுத்தால் 'இறகு என்றால் இப்படி இருக்கும்' என்று தான் படித்ததை வைத்துப் புதிதாக இறகை வரைந்துவிடும். எண்ணெயில் ஒட்டித் திரியான இறகைக்கூடப் பிரித்து அழகாக அடுக்கிக் காட்டலாம். அது படம் திருத்துவது இல்லை, படம் வரைவது.

சரி, நியாயம் நம் பக்கம்தானே, கறையைக் கொஞ்சம் கறுப்பாக்கினால் என்ன? இயக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஆசை வரும், எனக்கும் வந்தது. வேண்டவே வேண்டாம். மூலப் படத்தைக் கொண்டுவா என்று எதிர்த்தரப்பு ஒரு வார்த்தை கேட்டால் போதும், உண்மையான தொண்ணூற்றொன்பது படமும் சேர்ந்து பொய்யாகிவிடும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் போட்டியில் 2009-இல் முதல் பரிசு பெற்ற, வேலியைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய்ப் படத்தின் பரிசை அடுத்த வருடமே பறித்தார்கள், அது பழக்கப்பட்ட ஓநாய் என்று முடிவுக்கு வந்ததால். அதே போட்டியில் 2017-இல் பரிசு பெற்ற எறும்புதின்னிப் படமும் 2018-இல் நீக்கப்பட்டது, அது பாடம் செய்த பொம்மை விலங்கு என்று. வெறும் போட்டிக்கே அவ்வளவு சோதனை. நம்முடையது பலருடைய பிழைப்பு.

நேர்மையாக எடுத்த ஒரு படத்துக்கு என்ன பலம் என்பதற்கும் கூழைக்கடாவையே சொல்லலாம். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, லூசியானா கரையில் எண்ணெயில் மூழ்கி எழ முயன்ற பழுப்புக் கூழைக்கடாவின் செய்திப் படம் உலகம் முழுக்கப் போனது. அதில் அழகு படுத்த எதுவும் இல்லை.

நம்மூர் முன்னோடி மா. கிருஷ்ணனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1912-இல் பிறந்தவர், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், சென்னைவாசி. 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். வேறு வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றைக் கட்டிக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். விலையுயர்ந்த லென்ஸ் இல்லையே என்று ஏங்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

கறையா, நிறமா?

படம் பொய் சொல்லாவிட்டாலும் நாம் தப்பாகப் படித்துவிடலாம். ஒரு நண்பர் செம்பழுப்புத் தலையும் மார்புமாக ஒரு கொக்கை எடுத்து, 'எண்ணெய் பட்ட கொக்கு' என்று அனுப்பினார். நம் மாட்டுக்குப் பின்னாலேயே நடக்கும் உண்ணிக்கொக்குதான் அது. இனப்பெருக்கக் காலத்தில் அதற்குத் தலை, கழுத்து, முதுகு அந்த நிறமாகும். உழவர்களுக்கு இது தெரியும், நகரத்து நண்பருக்குத் தெரியவில்லை. கூழைக்கடாவில் இளம் பறவைகள் பழுப்பாக இருக்கும், அதுவும் கறை அல்ல. சேற்றுக் கறை காய்ந்து திட்டுத்திட்டாக, பொலிவில்லாமல் இருக்கும். எண்ணெய் பெரும்பாலும் மிதக்கும்போது தண்ணீர் தொடும் மட்டத்தில் கோடு போட்டது போலத் தொடங்கும், ஈரப் பளபளப்பு இருக்கும், இறகு திரிதிரியாக நிற்கும், பறவை சாப்பிடாமல் கோதிக்கொண்டே இருக்கும். ஒரே படத்தை வைத்து முடிவு கட்டாமல் பத்து நிமிடம் நின்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் 'சந்தேகம்' என்றே குறிப்பெழுதுங்கள்.

கூழைக்கடாவுக்கு நாம் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்டால், அது கடற்கரைப் பறவை மட்டும் இல்லை, ஏரிப் பறவை. வேடந்தாங்கலிலும், ஆந்திர எல்லைக்குள் நேலபட்டிலும் கூடு கட்டுவது இதே இனம்தான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து, சுட வந்தவர்களைத் தடுத்து, 1798-இல் அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பாதுகாப்புப் பத்திரம் வாங்கியவர்கள் வேடந்தாங்கல் உழவர்கள்.

அனுப்பும்போதும் கவனம்

ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதி, நேரம், கேமரா விவரம் எல்லாம் எக்ஸிஃப் என்ற பெயரில் ஒளிந்திருக்கும். கேமராவில் கடிகாரம் தப்பாக இருந்தால் இதெல்லாம் வீண். பேட்டரி மாற்றும்போதெல்லாம் சரிபாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கி, இந்த விவரங்களையும் உதறிவிடும். 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும். நீதிமன்றத்துக்குப் போகும் வாய்ப்பு இருந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் சேர்க்க வேண்டும். அந்தப் படிவத்தில் ஃபைலின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணையும் கேட்கிறார்கள். ஃபைலில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது, மூலப் படம் கையில் இருந்தால்தான் அந்தப் பேச்சே.

கூட்டில் இருக்கும் பறவைக்கு மட்டும் நேர்மாறு. இடம் காட்டும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டுத்தான் பொதுவில் போட வேண்டும். முட்டை எடுப்பவனும் இணையம் பார்க்கிறான், நம்மைப் போன்ற கேமராக்காரர் கூட்டமும் வந்து கூட்டை மொய்க்கும்.

நம் வயலில் இந்த வேலைக்கு எண்ணூர் வரை வர வேண்டியதில்லை. நெல்லில் நட்ட பறவைத் தாங்கியில் கரிச்சான் குருவி உட்கார்ந்து புழுவோடு இருப்பதைத் தேதியோடு எடுத்து வைத்தால், மருந்து அடிக்கச் சொல்லி வருபவரிடம் காட்ட ஒன்று இருக்கும். பக்கத்து வயலில் குருணை மருந்து போட்ட மறுநாள் கொக்கு செத்துக் கிடந்தால், தொடாதீர்கள். நெருக்கமாக ஒன்று, வரப்பும் மரமும் தெரிய அகலமாக ஒன்று, பக்கத்தில் மருந்துப் பை கிடந்தால் அதோடு சேர்த்து ஒன்று எடுத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். படத்தை அழகாக்க உட்கார வேண்டாம். பொங்கலையொட்டித் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பில் நம் வயல்களும் சேர்ந்தால் நல்லது, அதற்குக் கேமராகூட வேண்டாம், கண் போதும்.

அழித்த மூலப் படங்களை மீட்க முடியுமா என்று கடைக்காரரிடம் கார்டைக் கொடுத்துப் பார்த்தேன். அதன் மேல் வேறு படங்கள் ஏறிவிட்டதால் ஒன்றும் வரவில்லை. இப்போது ஒவ்வொரு மாதமும் அந்த ஓடை வளைவில் அதே இடத்தில் படகை நிறுத்தி, அதே அலையாத்தியை ஒரு படம் எடுக்கிறேன், பறவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். மரத்தைக் காட்டியவர் அண்ணன்தான். போன முறை மரத்துக்கு முன்னால் நெடுங்கால் உள்ளான் நாலு மேய்ந்துகொண்டிருந்தன. புகைபோக்கி படத்தில் நடுவில் நிற்கிறது. "இத்த வெட்டிடாத" என்றார். வர்ற சனிக்கிழமை காலையில் தண்ணி வற்றுமாம், முதல் வண்டியில் வரச் சொல்லியிருக்கிறார்.